மடியில ஒண்டு, கையில ஒண்டு

வாசிப்பு நின்றது. பதினேழு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தவில்லை. முதலில் சாக்சபோன்காரர்கள் ஐந்து பேர், பிறகு ட்ரோம்போன்காரர்கள் நான்கு பேர், அதன்பின் மற்றவர்கள். கடைசியாக ட்ரம்ஸ்காரர். அவர் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவர். தான் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியச் சற்று நேரம் பிடித்தது.

மெல்பேர்ன் நகரத்து நோபல் பார்க்கில் ஒரு பொது மண்டபம். சனிக்கிழமை பிற்பகல். மேடைக்கு அருகே ஒரு மடக்கு மேசை, அதன்மேல் இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகள். அவற்றின் பின்னால் ஹெட்ஃபோன் அணிந்த ஒரு பெண்மணி வலது கையை உயர்த்தியபடி இருந்தார். பெயர் ஹெதர். தேவாலயப் பாடற்குழுக்களை ஒலிப்பதிவு செய்து பழகியவர். எந்த நேரத்திலும் குரலை உயர்த்தாமல் பேசுவார். அதனாலேயே எனக்கு அவரிடம் பயம்.

"பின்னால் யாரோ கைதட்டுகிறார்கள்," என்றார் ஆங்கிலத்தில். "பாட்டோடு சேராமல் தட்டுகிறார்கள்."

யாரோ அல்ல, நாங்கள்தான். நான் பஸ் பிடித்து அழைத்து வந்த எங்கள் இலங்கைத் தமிழ் முதியோர் சங்கத்தார் நாற்பத்தெட்டுப் பேர். என்னையும் மனைவியையும் சேர்த்தால் ஐம்பது.

மேடையில் லயனல் ட்ரம்பெட்டை இறக்கினார். கைக்குட்டையை எடுத்து மேலுதட்டில் ஒற்றினார். அதைப் பிரித்துப் பார்த்தார். திரும்ப மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து மட்டக்களப்புத் தமிழில் கேட்டார்.

"மச்சான், என்ன கா இது? பஜனைக்கா வந்தீங்க?"

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். பாண்டிலிருந்த மற்றப் பதினாறு பேரும் என்ன பகிடி என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கைக்குட்டையில் என்ன இருந்திருக்கும் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வேலிக்கு அந்தப் பக்கம்

லயனல் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நாங்கள் நோபல் பார்க்கில் வீடு வாங்கிக் குடிவந்த புதிதில், பின்வளவில் மாங்கன்று நட நான் ஒரு குழி வெட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேலால் ஒரு சிவந்த முகமும் நரைத்த மீசையும் தெரிந்தன. வெள்ளைக்காரர் என்று நினைத்து 'குட் மார்னிங்' சொன்னேன்.

"மாங்கண்டா? இஞ்ச வராது கா," என்றது அந்த முகம். "நானும் மூணு வெச்சுப் பாத்த. மூணும் குளிரில செத்துப் போச்சி."

மண்வெட்டி என் கையிலிருந்து நழுவிக் கால் பெருவிரலுக்கு அரை அங்குலம் தள்ளி விழுந்தது. அந்த அரை அங்குலத்தைப் பற்றி நான் வெகு காலம் கவலைப்பட்டேன்.

அவர் மட்டக்களப்பில் பிறந்த, போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர். வீட்டில் போர்த்துக்கீச மொழி, தெருவில் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்து, மூன்றிலும் பகிடி விடக் கற்றவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஆனாலும் அந்த வேலியடியிலேயே நாங்கள் மச்சான் ஆகிவிட்டோம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் பையன். தச்சு வேலை செய்த மாமன் ஒருவர் திருகோணமலைக்குப் போயிருக்கிறார், கப்பற்படைக்காரர்கள் ஆடும் மண்டபத்துக்குப் பலகைத் தளம் போடுவதற்கு. லயனலும் ஆணிப் பெட்டி தூக்கிக்கொண்டு கூடப் போனார். அங்கேதான் முதன்முதலில் அமெரிக்க ஸ்விங் பாண்ட் இசையை இசைத்தட்டில் கேட்டாராம். ஆணி எடுத்துக் கொடுக்க மறந்துபோய் மாமனிடம் அடி வாங்கினாராம்.

"அடி விழுந்ததும் தாளத்திலதான் விழுந்த மச்சான்," என்பார்.

அதன்பிறகு தேவாலயத்து பாண்டில் ட்ரம்பெட் பழகி, கொழும்பில் ஹோட்டல்களின் ஆட்ட மண்டபங்களில் ஊதி, அறுபதுகளில் இங்கே கப்பலேறி வந்து, டாண்டெனோங்கில் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் மட்டும் ட்ரம்பெட். அவரே சேர்த்த பாண்டுக்கு அவரே தலைவர். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவருடைய கராஜில் ஒத்திகை நடக்கும். ஒரு வெற்றுப் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நான் இருப்பேன். சாக்சபோன் ஐந்து, ட்ரோம்போன் நான்கு, ட்ரம்பெட் நான்கு, அவற்றோடு பியானோ, கிட்டார், ஆளுயர பேஸ், ட்ரம்ஸ். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எனக்கு அந்த இசைமேல் முதலில் மரியாதை வந்தது. எந்த ஊர் ஸ்விங் பாண்டை எண்ணினாலும் கிட்டத்தட்டப் பதினேழு வரும் என்றார் லயனல். ஒழுங்கான மனிதர்கள் உண்டாக்கிய இசையாகத்தான் இருக்க வேண்டும்.

எண்ணுகிற வியாதி

நான் நில அளவையாளனாக இருந்தவன். நூறு கண்ணி கொண்ட சங்கிலியை வன்னிக் காடுகளில் இழுத்துத் திரிந்த காலத்தில், ஒரு கண்ணி தவறினால் ஒருவனுடைய கிணறு அடுத்தவன் காணிக்குள் போய்விடும். அங்கே பிடித்த பழக்கம், ஓய்வு பெற்ற பின்னும் என்னை விடவில்லை. எங்கள் கலியாணத்தில் மணவறையில் இருந்தபடியே நான் பந்தலில் இருந்தவர்களை எண்ணினேன் என்று என் மனைவி பரமேஸ்வரி இன்றைக்கும் சொல்லுவார். உண்மைதான். ஆனால் அவர் நினைப்பதுபோல் விருப்பமில்லாமல் எண்ணவில்லை. சாப்பாடு போதுமா என்ற பயத்தில் எண்ணினேன்.

ஒத்திகையிலும் எண்ணினேன். நான்கு தட்டு ஒரு சுற்று. முப்பத்திரண்டு சுற்றானால் பாட்டின் மெட்டு ஒருமுறை முழுதாக வந்து முடியும். அதை நான் ஒரு வட்டம் என்று வைத்துக்கொண்டேன். குறிப்பிட்ட ஒரு பாட்டில், நடுவில் மற்றவர்கள் அடங்க, லயனல் எழுந்து நின்று தனியாக ஒரு வட்டம் ஊதுவார். திருகோணமலையில் ஆணிப் பெட்டியோடு நின்று கேட்ட அதே பாட்டு. அந்த ஒரு வட்டத்தை ஐம்பது வருடமாக ஊதி வருகிறார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறுபடும். முப்பத்திரண்டாவது சுற்றில் முடித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிடுவார்.

அது எந்த இடத்திலும் பதிவாகவில்லை. கொழும்பு ஹோட்டல்களில் ஒலிப்பதிவுக் கருவி கிடையாது. இங்கே கலியாண வீடுகளில் யாராவது பதிவு செய்தாலும் அதில் கரண்டிச் சத்தம்தான் கூடுதலாக இருக்கும்.

அந்த வருடம் அவருடைய மேல்வாயின் இரண்டு முன்பற்கள் ஆடத் தொடங்கின.

இரண்டு பல்

ட்ரம்பெட்டின் வாய்ப்பகுதி உதட்டில் அழுந்தும்போது, உதட்டைப் பின்னாலிருந்து தாங்குவது அந்த இரண்டு பற்கள்தான். பல்லைத் தாங்கும் முரசில் கிருமி பிடித்து அவை தளர்ந்துவிட்டன; ஊதினால் இரத்தம் கசியும். பல் வைத்தியர் பிடுங்கவேண்டும் என்றார். லயனல் இரண்டு முறை தவணை கேட்டார். மூன்றாம் முறை வைத்தியர் கண்டிப்பாக ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்துவிட்டார்.

"பொய்ப்பல்லு கட்டிக்கொண்டு ஊத ஏலாதோ?" என்று கேட்டேன்.

"இருவது வயசெண்டா மறுகா ஒருக்கா முதலிலயிருந்து பழகலாம் மச்சான். எனக்கு எழுவது. பழகி முடிக்கக்குள்ள நீ என்ட பெட்டியில ஆணி அடிப்பாய்."

ஆகவே அந்த வியாழனுக்கு முந்தின சனிக்கிழமை ஒலிப்பதிவு என்று முடிவானது. ஸ்டூடியோ வேண்டாம் என்றார். இது ஆட்கள் முன்னால் வாசிக்கிற இசை, ஆட்கள் இல்லாமல் வாசித்தால் செத்த வீட்டு பாண்ட் மாதிரி இருக்கும் என்றார். நோபல் பார்க் மண்டபம் அந்தச் சனிக்கிழமை அதிசயமாக வெறுமையாக இருந்தது. உடனே பிடித்துவிட்டார்.

ஏன் வெறுமையாக இருந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசிக்கிற நான்கூட யோசிக்கவில்லை. அது கால்பந்து இறுதிப் போட்டி நாள். மெல்பேர்னில் அந்தச் சனிக்கிழமை பிற்பகலில் கலியாணம் வைக்கமாட்டார்கள், வீடு மாறமாட்டார்கள். இயலுமானால் சாகக்கூட மாட்டார்கள். பாண்டின் ரசிகர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார்கள். வாத்தியக்காரர்களின் மனைவிமார்கூடத் தொலைக்காட்சி முன்னால் இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

புதன்கிழமை லயனல் எங்கள் குசினிக் கதவைத் தட்டினார்.

"மச்சான், கால்பந்து பாக்காத ஆக்கள் மெல்பேர்னில ஆரு இரிக்கி?"

எனக்கு உடனே விடை தெரிந்தது.

நாற்பத்தெட்டுப் பேர்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் சங்கத்துப் பிக்னிக்கைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, வைத்திலிங்கம் மாஸ்டரின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டார். அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையாக எழுதும்படி கேட்டுக்கொண்டார். இந்த வாரமும் முயன்று பார்க்கிறேன்.

மாஸ்டர்தான் அப்போது சங்கத் தலைவர். கணித ஆசிரியர். இரண்டு காதிலும் கருவி. அது கூவும் என்பதற்காகப் பெரும்பாலும் அதை நிறுத்தியே வைத்திருப்பார். செய்தியைச் சொன்னதும், "இங்கிலிஷ் கச்சேரியோ? பஸ் இருக்கோ? சாப்பாடு இருக்கோ?" என்று கேட்டார். மூன்றுக்கும் ஓம் என்றேன். சங்கம் முழுவதும் புறப்பட்டது.

செப்டம்பர் கடைசி, நல்ல குளிர். மண்டபத்துக்குள் போனால் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஹெதர்தான் நிறுத்தியிருந்தார். அது இரைகிறதாம், மைக்கில் கேட்குமாம். பிறகு சுவர் மணிக்கூட்டைக் கழற்றினார். அதன்பிறகு குசினிக்குள் போய் ஃபிரிட்ஜின் வயரையும் பிடுங்கினார். அந்த ஃபிரிட்ஜுக்குள் பரமேஸ்வரி வைத்த நூற்றிருபது மீன் கட்லட் இருந்தது. இரண்டு பெண்களும் சிரித்த முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் தள்ளி நின்று கவனித்தேன். தலையிட்டால் எனக்குத்தான் ஆபத்து.

நான் அவசர வழிகளைப் பார்த்துவைத்தேன். இரண்டு. தீயணைப்புக் கருவி ஒன்று. கழிப்பறை நான்கு, அதில் ஒன்று பூட்டு. எழுபது வயதுக்கு மேற்பட்ட நாற்பத்தெட்டுப் பேருக்கு மூன்று கழிப்பறை போதுமா என்ற கவலையோடுதான் நான் முன்வரிசையில் போய் அமர்ந்தேன்.

லயனல் ஒரு காரியம் செய்திருந்தார். தன்னுடைய பாட்டை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே வைத்திருந்தார். "பல்லு ரெண்டும் களைக்க முதல் ஊதிப் போடணும். ரெண்டு தரம் தாங்கும். மூணாந் தரம் ஆண்டவன் விட்ட வழி," என்று என் காதில் சொன்னார். "பாட்டு முடிஞ்சா மட்டும் நல்லாத் தட்டச் சொல்லு மச்சான். வேற ஒண்டும் வேணாம்."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு

பாட்டு தொடங்கியது. பதினேழு பேர் ஒன்றாக மூச்சுவிட்டு ஊதும்போது, அந்தக் குளிர்ந்த மண்டபத்தின் பலகைத் தளம் சப்பாத்துக்குக் கீழே அதிர்ந்தது. மாஸ்டர் நிமிர்ந்தார். காதுக் கருவி இல்லாமலே அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், அல்லது காலால் கேட்டிருக்க வேண்டும். முகம் மலர்ந்து கைதட்டத் தொடங்கினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தட்டினார். பிறகு வரிசை முழுவதும். பிறகு எல்லாரும்.

நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் பஜனை பாடுகிற ஆட்கள். கை ஒன்றாம் எண்ணிக்கையில் விழும், மூன்றாம் எண்ணிக்கையில் விழும். பிறந்த நாள் தொடக்கம் அப்படித்தான். ஸ்விங் பாட்டுக்கு இரண்டிலும் நான்கிலும் தட்ட வேண்டுமாம். அப்படித் தட்டினால்தான் அது துள்ளும். ஒன்றில் தட்டினால் துள்ள எழும்பியவனைத் தோளில் பிடித்து அமுக்குவதுபோல் ஆகிவிடும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"அவர்கள் ஐம்பது பேர், நான் ஒருவன்," என்றார் ட்ரம்ஸ்காரர் பிறகு ஒருநாள். "இன்னும் கொஞ்சம் போயிருந்தால் நானும் அவர்கள் பக்கம் சேர்ந்திருப்பேன்."

முதலில் சொன்னபடி, அந்தத் தட்டின் நடுவில்தான் ஹெதர் கையை உயர்த்தியதும் லயனல் கைக்குட்டையை எடுத்ததும். அதுவரை மற்றவர்களோடு சேர்ந்து ஊதியிருந்தார், தனி வட்டம் இன்னும் வரவில்லை. ஒரு தரம் வீண்.

ஹெதர் எங்கள் முன்னால் வந்து, மிகவும் பணிவாக, பாட்டு முடியும்வரை தட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் தமிழில் மொழிபெயர்த்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

இரண்டாம் தரம். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை மண்டபத்தில் இருப்பதுபோல் இருந்தார்கள். பாண்டும் விறைத்துப்போய் வாசித்தது. எங்களைப் பார்க்கப் பார்க்க அவர்களுக்கும் குளிர் ஏறியது போல. லயனல் எழுந்து ஊதத் தொடங்கினார். எட்டுச் சுற்று, பன்னிரண்டு சுற்று. நன்றாக வந்துகொண்டிருந்தது. அது நன்றாக வந்ததுதான் கேடாகப் போனது. மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. என் மொழிபெயர்ப்பு அவருடைய காதில் விழுந்திருக்கவில்லை. தட்டினார். ஒன்றில், மூன்றில். வரிசை அவரைத் தொடர்ந்தது.

ஹெதரின் கை மேலே போனது.

இந்த முறை லயனல் கைக்குட்டையை எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று எடுத்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. 

நான் எழுந்து நின்றேன். "இஞ்ச பாருங்கோ, நான் எண்ணுறன். ஒண்டு, இரண்டு, மூண்டு, நாலு. இரண்டுக்கும் நாலுக்கும் மட்டும் தட்டுங்கோ," என்றேன். எண்ணினேன். நாற்பத்தெட்டுப் பேரும் 'ஒண்டு' என்ற சொல்லிலேயே தட்டினார்கள். திரும்ப எண்ணினேன். திரும்பவும் ஒன்றில். குரலை உயர்த்தினேன். இன்னும் பலமாக ஒன்றில் தட்டினார்கள்.

"நீர் தட்டச் சொல்லித்தானே கூட்டிக்கொண்டு வந்தனீர்," என்றார் மாஸ்டர் மனத்தாங்கலோடு. "இப்ப தட்டக்கூடாது எண்டுறீர். ஒரு முடிவுக்கு வாரும்."

குசினியிலிருந்து ஒருவர்

பரமேஸ்வரி குசினிக் கதவில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கையில் தேத்தண்ணி வடிகட்டி.

"இஞ்சருங்கோ, நீங்கள் கொஞ்சம் இருங்கோ," என்றார் என்னிடம். நான் இருந்தேன். நாற்பது வருடப் பழக்கம்.

"ஒண்டுக்குத் தட்டாதேங்கோ எண்டு சொன்னா ஆருக்கும் ஏலாது," என்றார் எல்லாரையும் பார்த்து. "கை விழத்தான் செய்யும். விழட்டும். ஒண்டுக்கு மடியில விழட்டும், இரண்டுக்குக் கையில விழட்டும். மடியில ஒண்டு, கையில ஒண்டு. எங்க, பாப்பம்."

அவரே தொடங்கினார். மடி, கை. மடி, கை. சேலை மடியில் சத்தம் எழவில்லை. ஆண்களின் காற்சட்டைத் தொடை மட்டும் படீர் என்றது. குளிருக்குக் கொண்டுவந்த கோட்டுகளை மடித்து மடியில் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். சத்தம் அடங்கியது.

மாஸ்டருக்குக் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரின் கையைப் பார்த்தே பிடித்துவிட்டார். மடி, கை. மடி, கை. நாற்பத்தெட்டுப் பேரும் இரண்டிலும் நான்கிலும் தட்டினார்கள்.

மேடையில் ட்ரம்ஸ்காரர் சிரித்தபடி குச்சியை எடுத்து அதனோடு சேர்ந்தார். பிறகு பேஸ். பியானோக்காரர் இரண்டு கட்டையைத் தொட்டார். ஹெதர் ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனைத் தள்ளிவிட்டுக் கேட்டார். "இது எனக்கு வேண்டும்," என்றார். "இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்."

லயனல் மேடை விளிம்புக்கு வந்தார். மேலுதடு வீங்கியிருந்தது.

"மச்சான், கேளு. நான் எழும்பினதும் எல்லாரும் கைய மடியில வெச்சுக்கொண்டு இரிக்கணும். நீ முன்னுக்கு இரிக்கிற. உன்னப் பாத்துத்தான் மத்த ஆக்கள் செய்வாங்க. நீ வெச்சா வெப்பாங்க, நீ எடுத்தா எடுப்பாங்க. சரியா? இதுக்கு மேல எனக்குப் பல்லு இல்ல."

 அவருடைய ஐம்பது வருடமும் என்னுடைய இரண்டு கையில் வந்து நின்றது.

முப்பத்திரண்டு

மூன்றாம் தரம் தொடங்கியது. மடி, கை. மடி, கை. நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பாண்ட் முதல் இரண்டு தரமும் வாசித்த பாண்ட் அல்ல. எங்கள் தட்டின்மேல் ஏறி இருந்துகொண்டு போனது.

லயனல் எழுந்தார். நான் கையை மடியில் வைத்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. சத்தம் நின்றதிலிருந்து எல்லாரும் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. பியானோ, கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் மட்டும் மெல்லப் போய்க்கொண்டிருக்க, அவர் ஊதினார்.

ஒத்திகைகளில் பலமுறை கேட்டது. அதே வட்டம். அன்றைக்குக் குறையொன்றும் இல்லை. முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. முடித்து ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்தார். முடிந்தது, பதிவாகிவிட்டது என்று நான் மூச்சுவிட்டேன்.

ஆனால் அவர் கதிரையில் போய் இருக்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குத் தெரியாத ஒன்று அங்கே இருந்தது. இந்த இசையில், ஒருவர் தனியாக ஊதி முடித்தவுடன், பாட்டு போய்க்கொண்டிருக்கும்போதே சபையோர் தட்டுவார்களாம். அதுதான் வழக்கமாம். அவருக்கு அது சொல்லத் தேவையில்லாத விசயம். எனக்கோ பாட்டு முடிந்தால் தட்டு என்றும், கையை மடியில் வை என்றும்தான் உத்தரவு. பாட்டு முடியவில்லை. கையை வைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து நாற்பத்தொன்பது பேர் வைத்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

அவர் கையசைத்தால்தான் மற்ற வாத்தியங்கள் சேரவேண்டும். அவர் அசைக்கவில்லை. நால்வர் மட்டும் வாசிக்க ஒரு சுற்றுப் போனது. இரண்டாம் சுற்றும் போனது. பிறகு அவர் பியானோக்காரரைத் திரும்பிப் பார்த்து, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். இன்னொருமுறை. ட்ரம்பெட்டைத் திரும்பவும் அந்த வீங்கிய உதட்டில் வைத்தார்.

இரண்டாவது வட்டம் எந்த ஒத்திகையிலும் இல்லாதது. மேலே ஏறி ஊதப் பல் இடம் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். கீழ்ச் சுரங்களிலேயே நின்றார். கொஞ்சமாக ஊதினார், நிறைய இடம் விட்டார். விட்ட இடங்களில் பேஸின் கம்பி அதிர்வது கேட்டது. சில இடங்களில் அவர் ஊதியது பாட்டுப்போல் இல்லை, கூப்பிட்டுக் கதைப்பதுபோல் இருந்தது. ட்ரோம்போன்காரர்களில் ஒருவர் தன் முறைக்குத் தயாராகப் பிடித்திருந்த வாத்தியத்தை மெல்ல மடியில் இறக்கிவிட்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு சுற்றுப் பிந்தித் தொடங்கியதால் அவருடைய கணக்கு முப்பதில் முடிந்தது. அதை நான் சரியாக எண்ணினேன். முப்பதாவது சுற்றின் கடைசிச் சுரம் கொஞ்சம் நடுங்கி, காற்றாகி, நின்றது.

என் கை தட்டியது. ஒன்றிலும் இல்லை, இரண்டிலும் இல்லை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் எங்கேயோ விழுந்தது. நான் தட்டவேண்டும் என்று நினைத்துத் தட்டவில்லை. ஆனால் என்னைப் பார்த்துச் செய்யும்படி உத்தரவு இருந்ததல்லவா, நாற்பத்தொன்பது பேரும் ஒரே பாய்ச்சலாகத் தட்டினார்கள். மாஸ்டர் எழுந்து நின்று தட்டினார். லயனல் கையை அசைக்க, மற்ற வாத்தியங்கள் அதற்குள் வந்து இறங்கின.

நான் ஹெதரைப் பார்த்தேன். அவர் கையை உயர்த்தவில்லை. இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கட்லட் நூற்றிருபதும் முடிந்தது. பாண்ட்காரர்கள் ஆளுக்கு நான்கு சாப்பிட்டார்கள். லயனல் மட்டும் தேத்தண்ணியை ஆறவிட்டு, உதட்டின் ஓரத்தால் குடித்தார். மிச்சப் பாட்டுகளில் அவர் ஊதவில்லை. கை காட்டிக்கொண்டு நின்றார்.

பஞ்சு வைத்த வாய்

வியாழக்கிழமை பல் போனது. ஞாயிற்றுக்கிழமை ஹெதர் ஒரு கசெட்டில் முதல் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். லயனலிடம் இருந்த கருவி பழுது. எங்கள் குசினிக்கு எடுத்து வந்தார். வாயில் பஞ்சு. மீசைக்குக் கீழே முகம் சற்று உள்ளே போயிருந்தது. பரமேஸ்வரி ரவைக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

மூவரும் கேட்டோம். கைதட்டு அழகாக விழுந்திருந்தது. எந்த ஊர் ரசிகர்கள் என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு முதல் வட்டம். பிறகு இரண்டாவது. அது முடிந்ததும் ஒற்றைத் தட்டு ஒன்று, முழுக்க முழுக்கத் தவறான இடத்தில்.

"அத வெட்டி எடுக்கவா எண்டு ஹெதர் கேட்ட," என்றார் லயனல். பஞ்சுக்குள்ளால் சொற்கள் காற்றோடு வந்தன. "வேணாம் எண்டு சொல்லிட்டன். அது என்ட அயலவன்ட கை எண்டன்."

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. முதல் வட்டம் முடிந்ததும் தட்டவேண்டும் என்ற வழக்கம், அந்த வாரத்தில்தான் பாண்ட்காரர் ஒருவர் சொல்லி எனக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. கேட்டுவிட்டேன்.

"லயனல், முதல் வட்டம் முடிய நாங்கள் தட்டாமல் இருந்தது உமக்கு மனவருத்தமோ? நீர் கையை மடியில வைக்கச் சொன்னபடியால்..."

அவர் கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"முதலில பயந்துதான் போன. சரியில்லப் போல எண்டு நெனச்ச," என்றார். "மச்சான், அம்பது வருசமா நான் ஒரு வட்டம் ஊதுவன். ஆக்கள் தட்டுவாங்க. குந்திருவன். தட்டினா குந்தத்தானே வேணும். அந்த வட்டத்துக்கு அங்கால எனக்குள்ள என்ன இரிக்கி எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. நானும் கேக்கல்ல. நீங்க எல்லாரும் கைய மடியில வெச்சுக்கொண்டு பேசாம என்னயே பாத்துக்கொண்டு இரிந்தீங்க. பொறவு என்ன செய்யிற?"

சிரிக்கத் தொடங்கினார்.

"சிரியாதேங்கோ லயனல் அண்ணை, தையல் விட்டுப் போகும்," என்றார் பரமேஸ்வரி.

அவர் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மற்றக் கையால் கசெட் கருவியை என் பக்கம் தள்ளினார்.

"மறுகா ஒருக்கா போடு கா," என்றார். "முழுக்க வேணாம். நீங்க தட்டாத அந்த இடத்த மட்டும் போடு."